குறைந்தது ஐந்து மரணங்கள்

எங்கள் பகுதியில் மருத்துவபீடம் தொடங்கி நான்கு வருடங்கள் ஆகியும் அங்கே பாம்புக்கடியைப் படிப்பிக்க ஆளில்லை என்பது பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. "வன்னிப் பெருநில மருத்துவபீடம், பல்கலைக்கழகங்களுக்கு வெளியே நீண்டகாலம் பணியாற்றிய மருத்துவர்களை அனுபவப் பேராசிரியர்களாக நியமிக்க விரும்புகிறது. உயர்பட்டங்கள் அவசியமில்லை. அனுபவமே தகுதி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். சின்ன எழுத்தில் பதினேழு இணைப்புகள் கேட்டிருந்தார்கள். பதினோராவது இணைப்பு, அனுபவம் பெறத் தொடங்குவதற்கு முன்னர் அதற்காகப் பெற்ற அனுமதிக் கடிதத்தின் உறுதிப்படுத்திய பிரதி.

நான் ஸ்கந்தபுரம் உபதபாலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவள். ஊரில் பாதிப்பேரின் படிவங்களை நிரப்பியது என் கைதான். பதினேழு இணைப்பு எனக்குப் பெரிய விடயமில்லை. அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கராயன் ஆசுபத்திரிக்குப் போனேன்.

அங்கே டொக்டர் கிறிஸ்தோப்பர் இருபத்துநான்கு வருடமாக இருக்கிறார். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். மீன் முள் தொண்டையில் சிக்கிய ஆட்களைப் பார்த்து வளர்ந்தவர், வயலுக்குள் வந்து பாம்புக்கடி பார்க்கப் பழகிக்கொண்டார். விடியற்காலையில் வயிற்று நோ என்று யாராவது வந்தால் வயிற்றைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "ராத்திரி எங்க படுத்தனீங்கள்?" நிலத்தில் என்றால் கண்ணிமையைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு அந்த ஆளை வீட்டுக்கு விடமாட்டார். நித்திரையில் கட்டுவிரியன் கடித்தால் நோவும் இல்லை, பல் பட்ட அடையாளமும் இல்லை. முதலில் வயிறு நோகும். பிறகு இமை விழும், தண்ணீரும் விழுங்க முடியாது. மத்தியானத்துக்குள் மூச்சு நின்றுவிடும்.

என் மகள் தேனுகாவை நான் அவரிடம் கொண்டுபோகவில்லை. எட்டு வருடங்களுக்கு முன்னர், பரீட்சைக்குப் படிப்பதற்காக அவள் பட்டணத்தில் தங்கியிருந்த வீட்டுக்கு நானும் போயிருந்தேன். விடிய வயிறு நோகிறது என்றாள். பக்கத்தில் இருந்த பெரிய ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனேன். இளம் டொக்டர், நல்ல மரியாதையான பிள்ளை. இரவு சாப்பிடாமல் படித்தாயா என்று கேட்டார், வாயுக் குளிசை தந்தார், அனுப்பினார். பதினொன்றே பத்துக்கு எல்லாம் முடிந்தது. அந்த டொக்டரின் பெயரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவருக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

கிறிஸ்தோப்பர் டொக்டருக்கு ஓய்வுபெற ஒரு வருடந்தான் இருந்தது. அவர் போவதற்கு முன்னர் அந்தக் கேள்வி நூறு பிள்ளைகளின் வாயில் ஏறவேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"நானோ பேராசிரியர்?" என்று அவர் சிரித்தார். "விமலாக்கா, நான் கடைசியா எழுதின கட்டுரை ஓ.எல். சோதினையில. 'மழைநாள்' எண்டு தலைப்பு."

"எழுதிறது நான். நீங்கள் கையெழுத்தை மட்டும் வையுங்கோ."

"என்னெண்டு எழுதப் போறியள்?"

"உள்ளதை."

"உள்ளதை எழுதினா ஆரக்கா வேலை தாறது?" என்றபடி கையெழுத்து வைத்தார்.

மருத்துவபீடத்தில் விண்ணப்பங்களை வாங்கியவர் உதவிப் பதிவாளர் அனோஜா. மகள் இருந்தால் அந்த வயதுதான். விண்ணப்பத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"அம்மா, ரெண்டாயிரத்தெட்டு செப்ரெம்பரில இருந்து ரெண்டாயிரத்தொன்பது மே வரைக்கும் டொக்டர் வேலை செய்த இடத்தின்ர முகவரி இல்லை."

"ஆசுபத்திரி இடம் மாறிக்கொண்டிருந்தது, பிள்ளை."

"எத்தினை தரம்?"

"பதினொரு தரம்."

"அப்ப பதினொரு முகவரியும் எழுதுங்கோ. ஒவ்வொண்டுக்கும் நிறுவனத் தலைவரின்ர கடிதம் வேணும்."

எழுதினேன். பள்ளிக்கூடம், இன்னொரு பள்ளிக்கூடம், தேவாலய மண்டபம், புளியமரம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம் என்று போய், பதினோராவதாக முள்ளிவாய்க்கால், கடற்கரைப் பக்கம், தறப்பாள் கொட்டில்.

"கொட்டில் இலக்கம்?" என்று அனோஜா கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. படிவத்தில் இலக்கத்துக்கு ஒரு கட்டம் இருந்தது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கணினியில் "வேலையில் இடைவெளி: ஒன்பது மாதங்கள்" என்று பதிந்தார். காரணம் என்ற இடத்தில் கணினி தானாகவே "தனிப்பட்ட காரணங்கள்" என்று போட்டுக்கொண்டது. அந்த இடைவெளியின் பத்தாவது முகவரியில்தான் டொக்டர் என் கணவரை இருபது நிமிடம் காப்பாற்றப் பார்த்தார். தனிப்பட்ட காரணம் என்பது என்னளவில் சரிதான்.

ஒரு மாதத்தால் கடிதம் வந்தது. நேர்முகத் தேர்வுக்கு வரும்போது விண்ணப்பதாரர் தமது அனுபவத்துக்கான ஆதாரங்களையும், அதனால் பயனடைந்தவர்களையும் சமர்ப்பிக்க வேண்டுமாம். பயனடைந்தவர்களை எந்த அளவுத் தாளில் என்று குறிப்பிடவில்லை. கடிதத்தை அப்புத்துரையண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அக்கராயன் குளத்துக்குக் கீழே நெல் விதைப்பவர். இரண்டு தரம் பாம்பு கடித்து இரண்டு தரமும் பிழைத்தவர். அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"நீ கவலைப்படாத தங்கச்சி. ஆக்களை நான் கொண்டு வாறன்," என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பாம்பு கடித்தவர்கள் ஆசுபத்திரிக்குப் போகும்போது பாம்பையும் கொண்டுபோவார்கள். எந்தப் பாம்பென்று தெரிந்தால்தானே மருந்து கொடுக்கலாம். பாம்பில்லாமல் போவது, அடையாள அட்டை இல்லாமல் பிரதேச செயலகத்துக்குப் போவது மாதிரி. நேர்முகத் தேர்வு நாளன்று உழவு இயந்திரப் பெட்டியில் இருபத்துமூன்று பேர் வந்து இறங்கினார்கள். ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. டொக்டரின் மேசைக்கு முன்னால் எப்படிப் போகவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தேர்வுக்குழுவில் பீடாதிபதி பேராசிரியர் கிருசாந்தன், இரண்டு பேராசிரியர்கள், வெளிநாட்டிலிருந்து திரையில் தெரிந்த நஞ்சியல் நிபுணர் ஒருவர். சாட்சியாக நானும் மூலையில் ஒரு கதிரையில் இருந்தேன். இருந்தேன் என்பது பேச்சுக்கு. அந்த மண்டபத்தில் நான் ஐந்து தரம் எழும்பி ஐந்து தரம் இருந்திருப்பேன்.

அப்புத்துரையண்ணை பொலித்தீன் சொப்பின் பையை மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்தார்.

"இது உயிரோடயா?" பீடாதிபதி கதிரையில் ஏறி நின்றுகொண்டு கேட்டார்.

"ஓம் சேர். செத்ததைக் கொண்டந்தா பழசெண்டு சொல்லுவியள்."

திரையில் இருந்த நிபுணர் கமராவைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். "அற்புதம்! முழு வளர்ச்சியடைந்த கண்ணாடி விரியன். எல்லோரும் பின்னால் நில்லுங்கள்!" என்றார்.

"சேர், அது சாரை," என்றார் கிறிஸ்தோப்பர் டொக்டர் மெதுவாக.

"நான் இந்த இனத்தைப் பற்றி நாற்பது கட்டுரைகள் எழுதியிருக்கிறேன்."

"என்ர கோழிக்கூட்டடியில பிடிச்ச சாரை ஐயா," என்றார் அப்புத்துரையண்ணை. "கண்ணாடி விரியனை ஆர் சொப்பின் பையில கொண்டு திரியிறது? எனக்கென்ன விசரோ?"

குழு பத்து நிமிடம் வெளியே போய்க் கலந்துரையாடியது. கூட்ட அறிக்கையில் அது கண்ணாடி விரியன் என்றே பதியப்பட்டது. விண்ணப்பதாரருக்கு நூல்களுடன் போதிய பரிச்சயம் இல்லாவிட்டாலும் சமூகத்துடன் நெருக்கம் இருக்கிறது என்றும் எழுதினார்கள். வேறு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை என்று அனோஜா பிறகு சொன்னார். பதினோராவது இணைப்பில் எல்லோரும் நின்றுவிட்டார்களாம்.

நியமன விழாவில் பீடாதிபதி பேசினார். பேச்சை நான் அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டேன்.

"இதுவரை காலமும் இந்தப் பீடம் நோயாளிகளைக் காணாத அறிஞர்களால் சிறப்பாக நடத்தப்பட்டு வந்தது. அதில் எமக்கு எந்தக் குறையும் தென்படவில்லை. இருந்தாலும், அனுபவத்துக்கும் ஓர் இடம் வழங்கவேண்டும் என்று மேலிடம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, மூன்றாம் மாடியில் ஓர் அறையை ஒதுக்கியிருக்கிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இனி நூறு பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு பொறுக்க முடியவில்லை. பஸ் ஏறிப் போய் மூன்றாம் மாடிக்குப் படியேறினேன். டொக்டர் பெரிய மேசையொன்றின் பின்னால் இருந்தார். மேசையில் கோப்புகள். கழுத்தில் தொங்கும் குழாயைக் காணவில்லை.

"எத்தினை வகுப்பு எடுத்தியள் டொக்டர்?"

"ஒண்டும் இல்லையக்கா."

"அக்கராயனுக்கு?"

"போகேலாது. வெளியில இருந்து வந்த ஆள் தொடர்ந்தும் வெளியில வேலை செய்தா உள்ளுக்கு வந்ததாக் கணக்கில்லையாம். அங்க கிழமைக்கு மூண்டு நாள் ஒரு பொடியன் வாறான். நல்ல பொடியன்."

"அப்ப இஞ்ச என்ன செய்யிறியள்?"

"ஏழு குழுவில இருக்கிறன். ஒண்டுக்குத் தலைவர். இனிமேல் வெளி ஆக்களை எடுக்கிறதுக்கு என்ன தகுதி வேணுமெண்டு விதி எழுதிறம்." முன்னால் இருந்த கோப்பை மூடினார். "நாங்கள் எழுதியிருக்கிற விதிப்படி பாத்தா என்னை எடுத்திருக்கேலாது."

அவர் முதல் வகுப்புக்கு ஒரு தாளில் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். விடியற்காலை வயிற்று நோவோடு வருபவரிடம் எங்கே படுத்தார் என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான் குறிப்பு. பாடவிதானக் குழு அதை மேற்கோள் இல்லை என்று திருப்பி அனுப்பியது. இது யார் கூறியது என்று கேட்டார்கள். நான்தான் என்று எழுதினார். தாங்கள் ஓர் ஆதார நூல் அல்ல என்று பதில் வந்தது. ஆகவே முதலில் ஆய்வுக்கட்டுரை எழுதவேண்டும். என் சம்மதத்தோடு தேனுகாவைப் பற்றி எழுதினார். அது பீடாதிபதியிடம் போய்த் தங்கிவிட்டது.

நான் நேரே பீடாதிபதியின் அறைக்குப் போனேன். அவர் எழுந்து நின்று வணக்கம் சொல்லிக் கதிரை காட்டினார். நல்ல மனிதர்தான்.

"அம்மா, உங்களுடைய மகளின் மரணம் மிகவும் கவலைக்குரியது. கட்டுரையை நானே வாசித்தேன். ஆனால் அந்த மரணம் தனியாக இருக்கிறது. ஒரு மரணம் என்பது சம்பவம். குறைந்தது ஐந்து இருந்தால்தான் அது அறிவு."

"அப்ப இன்னும் நாலு சாகும்வரைக்கும் பொறுக்கிறதோ சேர்?"

"அவசரமில்லை," என்றார் அன்பாக. "விஞ்ஞானம் மிகவும் பொறுமையானது."

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அடுத்த நாளே சைக்கிளில் வெளிக்கிட்டேன். ஸ்கந்தபுரம், அக்கராயன், வன்னேரிக்குளம், ஜெயபுரம். கடைகளில் கேட்டேன், கோவிலடியில் கேட்டேன், மரண அறிவித்தல் ஒட்டிய மின்கம்பங்களில் பழைய தாள்களைத் தேடினேன். வீட்டில் இருந்தால் கை எதையாவது தேடும். சைக்கிள் மிதித்தால் கால் மட்டும் ஓடும்.

வன்னேரிக்குளத்தில் நேசமலர் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். மகன் நிருஷன், இருபது வயது, மூன்று வருடத்துக்கு முன்னர். நான் பெயரையும் திகதியையும் கேட்டுக் கொப்பியை எடுத்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னக்கா, திரும்பப் பேர் பதியிறாங்களோ? காணாமப்போன மற்ற மகனை நான் ஏழு இடத்தில பதிஞ்சு வைச்சிருக்கிறன்."

"இது வேற பதிவு, நேசமலர். இந்த மகனுக்கு."

"இவன் எங்க எண்டு தெரியுமே எனக்கு. இவன் மயானத்திலதானே கிடக்கிறான்."

"எப்பிடிப் போனவன் எண்டதை எழுதவேணும்."

அவர் புல்லைக் கீழே வைத்தார். "வயித்து நோ எண்டவன்," என்றார். "அதை ஆர் வாசிக்கப் போயினம்?"

ஒன்பது நாளில் ஆறு வீடு கண்டுபிடித்தேன். என்னோடு ஏழு. டொக்டர் ஏழு பேரையும் சேர்த்துக் கட்டுரையைத் திருத்தி எழுதினார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பதில் கடிதம் இரண்டு வரி: "ஐந்துக்கு மேற்பட்ட மரணங்கள் காணப்படுவதால் இது பரவலாக அறியப்பட்ட விடயமாகக் கருதப்படுகிறது. புதுமை இல்லாமையால் நிராகரிக்கப்படுகிறது."

அந்தக் கடிதம் வந்த கிழமையிலேதான் சதீஸ் என்ற பொடியன் இறந்தான். அறுவடை நெல்லுக்குக் காவலாக வயலில் படுத்தவன். விடிய அக்கராயன் ஆசுபத்திரிக்கு வந்திருக்கிறான். டொக்டர் கிறிஸ்தோப்பர் இருபத்துநான்கு வருடம் இருந்த அதே கதிரையில் புது டொக்டர்ப் பொடியன் இருந்து, குளிசை கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

செத்தவீட்டுக்கு டொக்டரும் வந்திருந்தார். அடுத்த நாள் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அனுபவப் பேராசிரியர் ஒருவரின் விலகலை வெளி நியமனங்களுக்கான குழுதான் பரிசீலிக்கவேண்டும், அதன் தலைவர் அவரே, தன்னுடைய விடயத்தில் தலைவர் கூட்டம் கூட்டமுடியாது என்று விளக்கினார்கள். கடிதம் இன்னமும் பரிசீலனையில் இருக்கிறது.

பிறகு ஒரு நாள் அனோஜா தொலைபேசியில் அழைத்தார். பீடத்துக்கு அங்கீகாரம் கொடுப்பதற்காகக் கொழும்பிலிருந்து குழுவொன்று வருகிறதாம். அவர்களுடைய படிவத்தில் சமூகப் பங்கேற்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதாம்.

"ஏழெட்டுப் பொம்பிளையள் வேணும் அம்மா. சீலை உடுத்து, மேடையில ஒரு வரவேற்புப் பாட்டு. பதினைஞ்சு நிமிசம். மாணவர் எல்லாரும் இருப்பினம்."

"எங்களுக்குப் பாட்டுத் தெரியாதே பிள்ளை."

"நிகழ்ச்சி நிரலில பாட்டு எண்டு எழுதியிருக்கிறன்," என்றார் அனோஜா. "என்ன பாட்டெண்டு என்னை ஒருதரும் கேக்கேல்லை."

எட்டுப் பேர் போனோம். சதீஸின் தாயும் வந்தார். மகன் செத்து முப்பத்தொரு நாள் ஆகவில்லை, வரவேண்டாம் என்று சொன்னோம், கேட்கவில்லை. மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் கொழும்பிலிருந்து வந்த ஐந்து பேர், பேராசிரியர்கள், ஓரத்தில் கிறிஸ்தோப்பர் டொக்டர். பீடாதிபதி ஒலிவாங்கியைப் பிடித்து, "இப்போது எமது மண்ணின் தாய்மார் தமது கலாசார மகிழ்ச்சியை வெளிப்படுத்துவார்கள்" என்றார்.

நேசமலர்தான் முதலில் முன்னுக்குப் போனார். ஒலிவாங்கியில் ஒருதரம் மூச்சு விட்டார்.

"என்ர மகன் நிருஷன். பாயைப் போட்டு நிலத்தில படுத்தவன். விடிய நாலரைக்கு வயித்து நோ எண்டவன். குளிசை குடுத்து விட்டவை. பத்தரைக்கு முடிஞ்சுது."

திரும்பி வந்து வரிசையில் நின்றார். அடுத்தவர் போனார். பெயர், படுத்த இடம், நேரம், குளிசை, முடிந்த நேரம். ஒருவரும் அழவில்லை. கொழும்புக் குழுவில் தமிழ் தெரிந்தவர் இல்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரே மாதிரிச் சொல்லி முடித்ததால் அவர்கள் அதைக் கிராமியக் கவிதை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் கதிரைக் கையில் விரலால் தாளம் போட்டார். பீடாதிபதி முதல் இரண்டு பேருக்கும் கைதட்டினார். மூன்றாவது ஆளுக்குத் தட்டவில்லை. மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

சதீஸின் தாய் பேரைச் சொன்னார். அதற்கு மேல் வரவில்லை. மிச்சத்தை நேசமலர் சொன்னார்.

கடைசியாக நான். "என்ர மகள் தேனுகா. பத்தொன்பது வயது. நிலத்தில படுத்தவள்." அதற்குள் பீடாதிபதி எழுந்து, "மிகவும் நன்றி, மிகவும் நன்றி," என்று மேடைப்பக்கம் வந்தார்.

அப்போது பின் வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். பிரேமினி என்று பிறகுதான் பெயர் கேட்டறிந்தேன்.

"அம்மா, ஒரு கேள்வி. மகள் விடிய ஏதும் குடிச்சவாவோ? விழுங்கக் கூடியதா இருந்ததோ?"

"வினாக்களுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை," என்றார் பீடாதிபதி.

கிறிஸ்தோப்பர் டொக்டர் தன் கதிரையில் முழுதாகத் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு வருடத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பொலிஸ் கேட்கவில்லை, மரண விசாரணை அதிகாரி கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொன்னதில்லை. டொக்டருக்கும் சொன்னதில்லை. பீடாதிபதி ஒலிவாங்கிக்குக் கை நீட்டினார். நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தேத்தண்ணி குடுத்தனான், பிள்ளை. கடைவாயால வடிஞ்சுது. ஒழுங்காக் குடி எண்டு ஏசினனான்."

மண்டபத்தில் கொப்பிகள் விரியும் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை எழுதினாள், தலையை நிமிர்த்தினாள், நின்றபடியே நின்றாள்.

"கண்ணைத் திறந்து வைச்சிருந்தவாவோ அம்மா? அல்லாட்டி இமை விழுந்துகொண்டிருந்ததோ?"

"விழுந்துகொண்டுதான் இருந்தது," என்றேன். "நான் நித்திரை எண்டு நினைச்சன்."